அடங்கிப்போன குழந்தையும் செவிலிய மாணவியும்

"வலிக்காதும்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்ற வார்த்தையைக் கேட்காமல் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. அம்மா சொல்வார், பாட்டி சொல்வார், ஊசியைக் கையில் வைத்திருக்கும் சிஸ்டரும் சொல்வார். சொல்பவர் எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. குழந்தை பயந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் அப்படிப் பேசவைக்கிறது. ஆனால் ஊசி இறங்கிய மறுகணமே சொன்னது பொய் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை அதே சிஸ்டர் வெறும் தெர்மாமீட்டரோடு வந்தாலும் அது அலறுகிறது. தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, குழந்தையிடம் நடுநிலையான சொற்களையே பயன்படுத்த வேண்டும் என்றும் பொய்யான ஆறுதலைத் தவிர்க்க வேண்டும் என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கப் போகும் செவிலிய மாணவிகளுக்கு ஒத்துணர்வை, அதாவது பிறர் நிலையிலிருந்து உணர்ந்து பார்ப்பதை, கற்பிப்பதில் உள்ள முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அன்பு இருந்தால் ஒத்துணர்வு தானாக வந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அன்பு நிறைய இருந்தும் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்க்கத் தெரியாமல் போவது வார்டுகளில் அன்றாடம் நடக்கிறது.

செவிலியர் கல்லூரிகளில் ஒத்துணர்வு என்பது பெரும்பாலும் தொடக்கப் பருவங்களிலேயே, உளவியல் பாடத்திலும் செவிலியர் அடிப்படைப் பாடத்திலும் வந்துபோகும் ஒரு தலைப்பு. வரையறை, கூறுகள், இரக்கத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் குழந்தைநலச் செவிலியம் ஐந்தாம், ஆறாம் பருவங்களில் வருகிறது. அதாவது வரையறையை மனப்பாடம் செய்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, இருபது வயதை ஒட்டி, மாணவி குழந்தைகள் வார்டில் போஸ்டிங்குக்கு வந்து நிற்கிறார். (மாணவர்களும் இப்போது படிக்கிறார்கள், பெரும்பான்மையினர் பெண்கள் என்பதால் இக்கட்டுரை மாணவி என்றே குறிப்பிடுகிறது.) இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 214 செவிலிய மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு சங்கடமான பதிலைத் தருகிறது. ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர்களின் ஒத்துணர்வு அளவிடப்பட்டபோது, நோயாளிகளோடு அதிகம் பழகியவர்களிடம்தான் அது கூடுதலாகக் குறைந்திருந்தது. மருத்துவ மாணவர்களிடமும் இதே சரிவு அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. வார்டுக்குப் போகப் போக மனம் கனிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம்; வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தோன்றாது. ஆகவே, இல்லாத ஒன்றை மாணவியிடம் எப்படிப் புகுத்துவது என்று கேட்பதைவிட, கொண்டுவந்ததை எது பறித்துக்கொள்கிறது என்று கேட்பதே பொருத்தமானது.

அதற்கு முன், குழந்தை என்னும் நோயாளி எப்படிப்பட்டவர் என்பதைப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவரிடம் "எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது" என்று கேட்கலாம். அவர் சொல்வதைச் செவிலியர் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். குழந்தையிடம் இந்த வழி பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது. கைக்குழந்தையால் சொல்ல முடியாது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை சொல்லும், ஆனால் அதன் உலகத்தின் விதிகள் வேறு. தான் நோயாளியானதற்குக் காரணம் தான் செய்த குறும்புதான் என்று அது நம்பலாம். ஊசி அதற்கான தண்டனை என்று எண்ணலாம். ஊசி குத்திய துளை வழியாக உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் வெளியே போய்விடும் என்று அஞ்சும் வயது அது. அதனால்தான் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாதபோதும் அந்த இடத்தில் ஒரு சிறு பிளாஸ்திரி ஒட்டுவதை அனுபவமுள்ள குழந்தைநலச் செவிலியர்கள் தவறவிடுவதில்லை. "ரத்தம் எடுக்கப் போறோம்" என்றால் முழுவதையும் எடுப்பார்கள் என்றுதான் அதற்குக் கேட்கும். அறுவைக்கு முன் "உன்னைத் தூங்கவைப்போம்" என்று சொல்வது பெரியவர் காதுக்கு இதமானது. ஆனால் இறந்துபோன தாத்தாவை "தூங்குகிறார்" என்று சொல்லிக் காட்டிய வீட்டிலிருந்து வந்த குழந்தைக்கு அது வேறொன்றைச் சொல்லும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டும். பதின்வயதினருக்கோ திரையும் மரியாதையும் வேண்டும்; பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பத்துப் பேர் பார்க்கும் வார்டில் சட்டையைத் தூக்கச் சொல்வது எந்த ஊசியைக் காட்டிலும் அதிகம் காயப்படுத்தும்.

"உன்னை அவர் இடத்தில் வைத்துப் பார்" என்ற வழக்கமான அறிவுரை இதனாலேயே இங்கு போதாமல் போகிறது. இருபது வயது மாணவி தன்னை மூன்று வயதுக் குழந்தையின் இடத்தில் வைத்துப் பார்த்தால், கட்டிலில் கிடப்பது இருபது வயது மனத்தோடு இருக்கும் ஒரு குழந்தைதான். வளர்ச்சிப் பருவங்கள் பற்றிய அறிவு இல்லாமல் குழந்தையிடம் ஒத்துணர முடியாது. அந்த அறிவை ஒரு தாளிலும் ஒத்துணர்வை இன்னொரு தாளிலும் பிரித்து நடத்துவதால், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே தேர்வு முடிந்துவிடுகிறது.

குழந்தையைத் தவறாகப் படிப்பது தனிமனிதக் குறைபாடு மட்டுமல்ல என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1940களின் முடிவில் லண்டன் மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்கு இருந்த விதிகளை இன்று படித்தால் நம்ப முடியாது. நவீனச் செவிலியப் பயிற்சியின் தாயகமாகக் கருதப்படுவதும், 1860இல் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டதுமான செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், சேர்ந்த முதல் ஒரு மாதம் பெற்றோர் குழந்தையைப் பார்க்க அனுமதி இல்லை. மாலை ஏழு முதல் எட்டு மணி வரை, குழந்தை தூங்கும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சில மருத்துவமனைகளில் வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம், சிலவற்றில் அதுவும் இல்லை. இவற்றை வகுத்தவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். தொற்று பரவும் என்ற அச்சம் ஒரு காரணம். மற்றொரு காரணம் அவர்கள் கண்ணால் கண்டது: பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சில நாட்களில் அடங்கிவிடுகிறது. எனவே பெற்றோர் வருகை குழந்தைக்குக் கெடுதல் என்று முடிவு செய்தார்கள்.

லண்டனின் டாவிஸ்டாக் மனநல நிறுவனத்தில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் இதே காட்சியை வேறு விதமாகப் பார்த்தார். 1948 முதல் அவர் குழந்தைகள் வார்டுகளில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார். தாயைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்ந்து ஒடுங்குகிறது. கடைசியில் யார் வந்தாலும் போனாலும் பொருட்படுத்தாத விலகல் நிலைக்குப் போகிறது. இந்த இரண்டாம், மூன்றாம் நிலைகளைத்தான் செவிலியர்கள் "குழந்தை பழகிவிட்டது" என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். தாய் வரும்போது வெடிக்கும் அழுகை புதிதாகப் பிறந்த துன்பம் அன்று. அதுவரை உள்ளே கிடந்தது வெளியே வர இடம் கிடைத்ததன் அறிகுறி. இதை எழுதிக் காட்டினால் யாரும் ஏற்கவில்லை என்பதால் ராபர்ட்சன் படம் பிடித்தார். குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த, இரண்டரை வயதை எட்டாத ஒரு சிறுமியை, நாள்தோறும் குறித்த நேரங்களில், சுவர்க் கடிகாரமும் சட்டகத்தில் தெரியும்படி எடுத்தார். வேண்டிய காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் சிறுமி அதிகம் அழாதவள் என்பதுதான் படத்தின் வலிமை. கட்டுப்படுத்திக்கொண்ட முகத்தோடு, கரடி பொம்மையை அணைத்தபடி, அவ்வப்போது அம்மா எங்கே என்று கேட்கிறாள்; அவ்வளவுதான்.

1952 நவம்பரில் லண்டனில் மருத்துவர்களும் செவிலியர்களும் நிறைந்த அவையில் படம் காட்டப்பட்டபோது பலர் கோபம் கொண்டார்கள். இந்தக் குழந்தை விதிவிலக்கு, எங்கள் வார்டில் குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றார்கள். அப்படிக் கோபப்பட்டவர்களுள் ஒருவரான குழந்தை மருத்துவர் டெர்மட் மெக்கார்த்தி, தம் வார்டுக்குத் திரும்பியபின் மனம் மாறினார். பின்னர் அவருடைய வார்டில் தாய்மார் குழந்தையுடன் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் வருகைக்குக் கட்டுப்பாடு கூடாது, சிறு குழந்தைகளோடு தாயும் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகும் பல மருத்துவமனைகள் மாற ஆண்டுகள் பிடித்தன.

இந்த வரலாற்றைச் செவிலிய மாணவிகளுக்கு விரிவாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. பாடநூல்களில் மூன்று நிலைகளும் மூன்று வரிகளாக இருக்கின்றன. அந்த மூன்று வரிகளைக் கண்டறிவதற்கு முன், நல்ல மனமும் நல்ல பயிற்சியும் உள்ள ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தினமும் பார்த்த முகங்களைத் தவறாகப் படித்தார்கள் என்ற செய்திதான் இல்லை. அழுகிற குழந்தையை யாரும் கவனிப்பார்கள். வார்டின் மூலையில் சத்தமில்லாமல் கிடக்கும் குழந்தையை "சமத்து" என்று பாராட்டிவிட்டு நகரும்போதுதான் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

நம் ஊர் மருத்துவமனைகளில் தாயைப் பிரிக்கும் வழக்கம் பொது வார்டுகளில் பெரிதாக வேரூன்றவில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும் குழந்தையோடு அம்மாவோ பாட்டியோ கூடவே இருப்பார். இதற்கு உளவியல் அறிவு காரணம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை; குளிப்பாட்ட, ஊட்ட, மூத்திரத் துணி மாற்ற வேறு ஆள் இல்லை என்பதே பெரிய காரணம். தாய் இருக்கிறார், ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படியும் உதவியாளாக இருக்கிறார். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலோ நாம் பழைய லண்டனைப் போலவே கதவை அடைத்தோம். தாயை உள்ளே விட்டால் தொற்று வரும் என்பதே அங்கும் காரணமாக இருந்தது. டெல்லியின் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், பெற்றோருக்குப் பயிற்சி அளித்து அவர்களையே பராமரிப்பில் பங்கேற்க வைக்கும் முயற்சி நடந்து, அதன் அடிப்படையில் 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. டெல்லி மருத்துவமனை ஒன்று உட்பட, ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் மார்போடு சேர்த்துவைத்துப் பராமரித்தபோது 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 விழுக்காடு. நிலைமை சீராகும் வரை காத்திருந்து அவ்வாறு செய்தபோது 15.7 விழுக்காடு. தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்காமல் இருப்பது மனத்துக்கு இதம் தரும் கூடுதல் வசதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவிக்கு இந்த எண்களை முதலில் காட்டலாம்.

வலியின் கதை இன்னும் கடுமையானது. 1977இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் ஜோஆன் ஈலண்ட், அறுவை செய்துகொண்ட 4 முதல் 8 வயது வரையிலான 25 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார். 13 குழந்தைகளுக்கு வலிநிவாரணி ஒருமுறைகூடக் கொடுக்கப்படவில்லை. எல்லாருக்கும் சேர்த்து மொத்தம் 24 முறை கொடுக்கப்பட்டிருந்தது. அதே போன்ற பாதிப்புடைய 18 பெரியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 671 முறை. பச்சிளங்குழந்தைகளின் நிலை இதைவிட மோசம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வலியை உணரும் அளவுக்கு நரம்பு மண்டலம் முதிரவில்லை என்ற நம்பிக்கையில், அசையாமல் இருக்க மருந்து கொடுத்து, போதிய மயக்க மருந்தின்றியே அறுவை செய்யும் வழக்கம் 1980கள் வரை பல இடங்களில் இருந்தது. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட முடிவுகள்தாம் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. தக்க மயக்க மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை எவ்வளவோ நன்றாகத் தாங்கியது என்று அவை காட்டின.

இதில் மாணவிக்கு உள்ள பாடம், உள்ளுணர்வை மட்டும் நம்பாதே என்பதுதான். தூங்குகிற குழந்தைக்கு வலி இல்லை, விளையாடுகிற குழந்தைக்கு வலி இல்லை என்று மனம் சொல்லும். வலியால் களைத்தும் குழந்தை தூங்கும், வலியை மறக்கவும் விளையாடும். இதற்காகத்தான் அளவுகோல்கள் உருவாயின. 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ஒன்று, பேச இயலாத குழந்தையின் முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்துக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண் தரச் சொல்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்குச் சிரிப்பிலிருந்து அழுகை வரையிலான ஆறு முகங்கள் கொண்ட படம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவின் தீக்காயப் பிரிவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் குழந்தைகளிடமே வரையச் சொல்லி அதை உருவாக்கினார்கள். எண்ணத் தெரியாத குழந்தையிடம் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டுப் பயனில்லை என்பதை உணர்ந்து, குழந்தைக்குத் தெரிந்த மொழி எது என்று தேடிப்போனதன் விளைவு அது. ஒத்துணர்வு என்றால் மனம் உருகுவது என்று எண்ணுபவர்களுக்கு மதிப்பெண் அட்டை வறட்சியாகத் தோன்றும். உருகாத நாளிலும், அவசரமான நாளிலும், பிடிக்காத குழந்தையிடத்திலும் கவனம் தவறாமலிருக்க அந்த அட்டை உதவுகிறது. பிடிக்காத குழந்தை என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்கள் வார்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கலாம்.

இனி, மாணவியின் ஒத்துணர்வை எது பறிக்கிறது என்ற கேள்வி. 1960இல் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனின் பெரிய போதனா மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் பழையதாகவில்லை. அங்கே பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மாணவிகள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமல் வெளியேறிக்கொண்டிருந்தனர். நோய், மரணம், பிறர் உடலைத் தொடுவது ஆகியவை எழுப்பும் பதற்றத்திலிருந்து செவிலியரைக் காக்க, மருத்துவமனை தன்னையறியாமலே சில ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கிறது என்றார் மென்சீஸ். ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்காமல், பல நோயாளிகளுக்கு ஒரே வேலையைச் செய்துகொண்டு போவது அவற்றில் முதன்மையானது. நோயாளிகளைப் பெயரால் அழைக்காமல் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பது இன்னொன்று. மாணவி ஒரு வார்டில் மனம் ஒட்டுவதற்குள் அடுத்த வார்டுக்கு மாற்றப்படுவார். இந்தக் கவசம் பதற்றத்தை உண்மையில் குறைப்பதில்லை. வேலையில் கிடைக்கக்கூடிய நிறைவைத்தான் குறைக்கிறது என்பதும், அக்கறை மிகுந்த மாணவிகளே வெளியேறினார்கள் என்பதும் அவருடைய கண்டறிதலின் கசப்பான பகுதி.

நம் வார்டுகளில் "பன்னிரண்டாம் பெட் ஃபிட்ஸ்", "அந்த டெங்கு கேஸ்" என்று சொல்வதைக் கேட்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை டியூட்டியில் ஒரு மாணவிக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் வெப்பநிலை பார்க்கும் வேலை, இன்னொருவருக்கு மருந்து, வேறொருவருக்குப் படுக்கை விரிப்பு. லாக் புக்கில் இத்தனை ஊசி, இத்தனை முறை மூக்குக்குழாய் வழி உணவு, இத்தனை நெபுலைசேஷன் என்று கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தையோடு அரைமணி நேரம் விளையாடியதற்கு மரியாதையான இடம் அதில் கிடைப்பது அரிது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது செவிலியர் மன்றத்தின் விதி. மழைக்காலத்தில் ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள் படுக்கும் வார்டில் அந்த விதியை நினைத்துப் பார்க்கவும் நேரமிருக்காது. அப்படிப்பட்ட வார்டில் மாணவி முதல் வாரம் குழந்தையின் அழுகையைக் கேட்டுக் கலங்குகிறார்; மூன்றாம் வாரம் அவருக்கு அது கேட்பதில்லை. இதை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது அநீதி. தாங்க முடியாததைத் தாங்குவதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது.

ஆகவே, தன் கலக்கத்தை என்ன செய்வது என்று மாணவிக்குக் கற்பிக்காமல், குழந்தையோடு ஒத்துணரச் சொல்வது ஆபத்தாகவும் முடியலாம். மூளை ஆய்வாளர்களான ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் குழுவினர் 2010களின் முற்பகுதியில் செய்த பரிசோதனைகளில், பிறர் துன்பத்தை அப்படியே தானும் உணரும்படி பயிற்சி பெற்றவர்களிடம் வேதனை கூடியது. துன்பப்படுபவர் நலம்பெற வேண்டும் என்ற பரிவைப் பழக்கியபோது அந்த வேதனை தணிந்து, உதவும் மனநிலை திரும்பியது. வார்டு நடைமுறையில் இதற்கு எளிய வடிவம் உண்டு. அழும் குழந்தையைப் பார்த்துத் தானும் அழும் மாணவிக்கு, அந்த நேரத்தில் செய்வதற்கு ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். செய்யத் தெரிந்தவருக்குக் கலக்கம் அக்கறையாகவே நிற்கும். செய்யத் தெரியாதவர் திரும்பிக்கொள்வார்.

செய்யக்கூடியவை பல இருக்கின்றன, அவற்றுக்கு பெரிய செலவும் கிடையாது. ஊசி போட அல்லது வென்ஃப்ளான் (நரம்பு வழி மருந்து செலுத்தும் குழாய்) ஏற்றக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பது நம்மிடம் வழக்கம். அதே குழந்தையைத் தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மார்போடு மார்பாக அணைத்துக்கொள்ளச் செய்து, ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்பதை மாணவி பார்க்கவாவது வேண்டும். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி ஆறாம் வாரத்தில் குழந்தைக்கு வாய்வழி மருந்துகள் போக ஒரே நாளில் மூன்று ஊசிகள். ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கச் செய்வது, வலி அதிகமுள்ள ஊசியைக் கடைசியில் போடுவது, தசையில் குத்திய பின் ஊசியைப் பின்னிழுத்துப் பார்க்காமல் மருந்தைச் செலுத்துவது ஆகியவை மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன அறிக்கையிலேயே உள்ளன. முன்பள்ளிக் குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சையும் ஒரு பொம்மையையும் கொடுத்தால், முதலில் அது பொம்மைக்குக் குத்தும். எப்படிக் குத்துகிறது, குத்தும்போது என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாலே அதன் மனத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்பதற்குப் பதிலாக "அழணும்னா அழலாம், கையை மட்டும் ஆட்டாம வச்சுக்கோ" என்று சொல்வதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது, ஏனெனில் முதல் வாசகம் நம் வாயில் தானாக வருகிறது. அழுதால் சிஸ்டர் ஊசி போட்டுவிடுவார் என்று குழந்தையை மிரட்டும் அம்மாவை, குழந்தை கேட்கும்படியே, ஆனால் அவரைச் சிறுமைப்படுத்தாமல் திருத்துவது இதைவிடக் கடினம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு பயிற்சியை நான் வலியுறுத்துவேன். லண்டன் டாவிஸ்டாக்கில் 1948 முதல் எஸ்தர் பிக் என்பவர் குழந்தை உளச்சிகிச்சையாளர்களுக்கு ஒரு நடைமுறையை வைத்திருந்தார். பயிற்சி பெறுபவர் ஒரு வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, ஒரு கைக்குழந்தையை ஒரு மணி நேரம் வெறுமனே கவனிக்க வேண்டும். குறிப்பெடுக்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. பிறகு நினைவிலிருந்து எழுதிக் குழுவில் வாசிக்க வேண்டும். ஈராண்டு காலம் இதைச் செவிலியர் கல்லூரியில் செய்ய முடியாது. ஆனால் குழந்தைகள் வார்டு போஸ்டிங்கின் முதல் நாளில், கையில் எந்த வேலையும் தராமல், ஒரே குழந்தையின் அருகில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லலாம். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து குழந்தையைத் தொட்டார்கள், எத்தனை பேர் அதன் பெயரைச் சொன்னார்கள், டிராலி உருளும் சத்தம் கேட்டதும் அதன் கை எதைத் தேடியது என்பவற்றை மாணவி எழுதிக்கொண்டு வந்தால், பயிற்றுநருக்கு அதன்மேல் நடத்த ஒரு வகுப்பு கிடைத்துவிடும். வேலை செய்யும் நிலையிலிருந்து பார்த்தால் தெரியாதவை, சும்மா உட்கார்ந்தவருக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் மாணவியை வார்டு பொறுப்புச் செவிலியர் பார்த்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

குழந்தையை விடவும் மாணவிகள் தடுமாறுவது தாயிடம்தான். அவர் கோபப்படுவார், கேட்டதையே திரும்பக் கேட்பார், சொன்ன நேரத்தில் பால் கொடுத்திருக்க மாட்டார். "ஏம்மா முன்னாடியே கூட்டிட்டு வரல" என்ற கேள்வி மருத்துவ விவரத்துக்காகக் கேட்கப்படுவதாகவே இருக்கலாம். காய்ச்சல் கண்ட முதல் நாளில் கூலி வேலைக்குப் போயிருந்த தாய்க்கு அது குற்றப்பத்திரிகையாகத்தான் கேட்கும். "காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சுது, அப்போ என்ன கொடுத்தீங்க அக்கா" என்று கேட்டால் அதே விவரம் கிடைக்கிறது. வீட்டில் இன்னொரு குழந்தையை யாரிடம் விட்டுவந்தார், அவர் சாப்பிட்டாரா என்று கேட்பது அன்பு காட்டுவதற்கு மட்டுமல்ல. பட்டினி கிடக்கும் தாயால் மருந்து அளவை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. மேலும், சிறு குழந்தை சூழலை அறிவது தாயின் முகத்தைப் பார்த்துத்தான். தாய் தேறினால் குழந்தை பாதி தேறும்.

குழந்தை இறந்துபோகும் நாளைப் பற்றிப் பாடத்திட்டங்கள் பேசுகின்றன. மாணவியைப் பற்றிப் பேசுவதில்லை. முதல் மரணத்தைப் பார்த்த மாணவியிடம் "போய் முகம் கழுவிட்டு வா" என்று சொல்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, ஏனெனில் சொல்பவருக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லப்பட்டது. 1990களில் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கி 2009 முதல் பிரிட்டனிலும் பரவிய ஷ்வார்ட்ஸ் கூட்டங்களில் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பராமரித்தபோது தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பேசுகிறார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற விவாதம் அங்கே இல்லை. நம் மருத்துவமனைப் படிநிலையில் மூத்த மருத்துவர் முன்னால் மூன்றாம் ஆண்டு மாணவி வாய்திறப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம். பயிற்றுநரும் ஐந்தாறு மாணவிகளும் மட்டும் டியூட்டி முடிந்தபின் இருபது நிமிடம் பேசுவது முடியாத காரியமில்லை.

மதிப்பீட்டுக்கு வந்தால், ஒத்துணர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஜெஃபர்சன் அளவுகோல் இருபது கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாள். மாணவி தன்னைப் பற்றித் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். பெருங்குழுவில் ஏற்ற இறக்கத்தை அறிய அது பயன்படும். ஒரு மாணவி மூலையில் கிடந்த குழந்தையைக் கவனித்தாரா என்பதை அதனால் சொல்ல முடியாது. செய்முறைத் தேர்வில் பொம்மை உடலுக்கு ஊசி போடச் சொல்லி, படிநிலைகளைச் சரிபார்க்கும் பட்டியலில் "நோயாளிக்கு விளக்கினார்" என்று ஒரு வரி இருக்கும். பொம்மையிடம் எல்லாரும் விளக்கிவிடுகிறார்கள். உண்மையான தடுப்பூசி முகாமில் மாணவி ஒருவர் ஒரு குழந்தைக்கு ஊசி போடுவதைப் பயிற்றுநர் பக்கத்திலிருந்து பார்த்து, குழந்தை எந்த நிலையில் பிடிக்கப்பட்டிருந்தது, ஊசிக்கு முன் அதனிடமும் தாயிடமும் என்ன சொல்லப்பட்டது, ஊசிக்குப் பின் எவ்வளவு நேரத்தில் அழுகை அடங்கியது, மாணவி அதுவரை அங்கேயே நின்றாரா என்ற நான்கை மட்டும் குறித்துக்கொண்டால் வினாத்தாளை விட நம்பகமான சித்திரம் கிடைக்கும். பராமரிப்புத் திட்டம் எழுதும்போது, குழந்தையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், சிறுநீர் வந்தால் அது என்ன சொல்லும், எதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாத தாளைத் திருப்பி அனுப்புவது அடுத்த படி. குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும்போது பெற்றோரிடம் கேட்க வேண்டியவை என்று குழந்தைநலச் செவிலியப் பாடநூல்களில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. உடல் எடையைப் போல இவையும் நிரப்பியே ஆக வேண்டிய கட்டங்களாக மாற, பாடத்திட்டத்தைத் திருத்தக் காத்திருக்க வேண்டியதில்லை, கையொப்பமிடும் பயிற்றுநர் முடிவு செய்தால் போதும்.